சங்கு முத்திரை மேஜை

1981-ல் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு உட்கார நாற்காலி இல்லை. நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே என்னோடு இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான். சூப்பிரண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டாக் சீட்டு காலியாக் கெடக்கு. அதுல இரியும்" என்றார். எதில் இருக்க என்று கேட்கத் தைரியம் வரவில்லை. பியூன் அண்ணாச்சி ரெக்கார்டு ரூமுக்குள் போய், மேல்தட்டுக் கட்டுகளை எடுக்க ஏறி நிற்கிற முக்காலியைத் தூக்கி வந்து போட்டார். அலுவலகத்தின் மேஜை, நாற்காலி, பீரோ அத்தனைக்கும் பொறுப்பான குமாஸ்தா மூன்று வாரம் முக்காலியில் இருந்துதான் கணக்கு எழுதினான்.

என் கையில் வந்து சேர்ந்தது ஒரு பேரேடு. காலிகோ பைண்டிங், மூட்டைப்பூச்சி நசுக்கிய கறை, நடுவில் ஒரு வெற்றிலைக் காம்பு. 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' என்று பெயர். முதல் பத்துப் பதினைந்து பக்கம் மலையாளம். எங்கள் அலுவலகம் திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டிடம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மேஜை நாற்காலிகளும் கூடவே வந்துவிட்டன.

பேரேட்டின் முதல் பக்கத்து முதல் இனம் ஒரு மேஜை. ஈட்டி மரம். ஆறடி நீளம் இருக்கும். நாலு ஆள் பிடித்தாலும் அசையாது, ஐந்தாவது ஆள் வேண்டும். உட்காருகிறவர் பக்கத்தில், டிராயருக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சங்கு செதுக்கியிருந்தது. திருவிதாங்கூர் சர்க்காரின் முத்திரை. அதன் விலையைப் பார்க்க எனக்கு ஆசை. மலையாளம் வாசிக்கத் தெரிந்த சூப்பிரண்டிடம் கொண்டு போனேன். ரூபாய்க் கட்டத்தைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சமிருந்தது 'சக்கரம்' என்கிற வார்த்தை மட்டும். 28 சக்கரம் ஒரு ரூபாய், 16 காசு ஒரு சக்கரம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. நாகர்கோவில்காரர்களுக்கு இது புதிதல்ல. 1893-ல் திறந்த நம் மணிமேடைக்கு ஆன செலவு 3,258 ரூபாய், 9 சக்கரம், 12 காசு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் கூடிப் பணம் போட்ட காரியம், கடைசிக் காசு வரைக்கும் கணக்கு நிற்கிறது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் வீட்டில் அந்த மேஜையைப் பற்றிப் பெருமையாகப் பேசியபோது பாட்டா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நம்ம வெளையில நின்னாலும் தேக்கும் ஈட்டியும் பொன்னுதம்புரானுக்காக்கும். நமக்குத் தண்ணி ஊத்துகதுக்கு மட்டும்தான் பாத்தியத." உண்மைதான். தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜ விருட்சம். யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் சர்க்காருடையது. முளை விடும்போதே கிள்ளி எறிகிற குடியானவர்கள் இருந்தார்களாம், பிற்பாடு வருகிற உபத்திரவத்துக்குப் பயந்து. அதனால் என் சங்கு மேஜையின் விலைக் கட்டத்தில் பூச்சி அரிக்காமல் இருந்தாலும் சரியான விலை அதில் இருந்திருக்காது. ஆசாரியின் கூலி இருந்திருக்கும். மரத்தின் விலை எவனோ ஒருவனுடைய விளையில் கிடந்திருக்கும்.

பிறகு எத்தனையோ தடவை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறேன். சிரட்டைக் கரியும் முட்டையின் வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த கறுப்புத் தரை, மூலிகை மரக் கட்டில் என்று ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நடப்பார்கள். எனக்கு மட்டும் பாட்டாவின் குரல் கேட்கும்.

மேஜையை விடுவோம். நாற்காலிகள்தான் என் சர்வீசின் விஷயம்.

அலுவலகத்தில் இருந்தவை பெரும்பாலும் பிரம்பு பின்னிய மர நாற்காலிகள். சட்டம் தேக்கு, இல்லாவிட்டால் அயினி. சட்டம் சாகாது, பிரம்புதான் மூன்று நான்கு வருடத்தில் தொய்ந்து, நடுவில் இற்று, வேட்டியைக் கிழிக்கும். அதற்கு ஒருவர் வருவார். பார்வை கிடையாது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் தொழில் படித்தவர். தோளில் பிரம்பு நார்ச் சுருள், பையில் ஒரு பேனாக்கத்தி, மர ஆப்புகள் பத்துப் பன்னிரண்டு. ஒரு பையன் கை பிடித்துக் கொண்டுவந்து வராந்தாவில் விட்டுவிட்டுப் போவான். பியூன் அண்ணாச்சி வாளியில் தண்ணீர் வைப்பார். நார் ஊறுகிற நேரத்தில் அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்.

சட்டத்தைச் சுற்றிலும் துளைகள். முதலில் நெடுக்கே ஓட்டுவார், ஆப்பை அடித்து இறுக்குவார். அப்புறம் குறுக்கே. அதன்மேல் மறுபடியும் நெடுக்கு, குறுக்கு. கடைசியில் இரண்டு மூலைவாட்டும். அந்த மூலைவாட்டு நார் உள்ளே நுழைகிறபோது ஈரப் பிரம்பு எழுப்புகிற கிறீச்சென்ற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விரல்கள் துளைகளை எண்ணிக்கொண்டே போகும், வாய் ஊர்க்கதை பேசும். ஒரு நாளைக்கு ஒரு நாற்காலி, மிஞ்சினால் ஒன்றரை. பழைய பின்னலை அறுத்து எடுப்பதற்கு முன்னால் தடவிவிட்டுச் சொல்வார்: "இது தடிச்ச ஆளு இருந்ததாக்கும். வலது பக்கமா சாய்ஞ்சு இருப்பாரு, இல்லியா சாரே?" எங்கள் ஹெட் கிளார்க் இடது பையில் பொடி டப்பி வைப்பவர், அதனால் வலப்புறம் சரிந்துதான் உட்காருவார். இன்னொரு நாற்காலியைத் தொட்டுவிட்டு, "இதுல ஆளு இருக்கதே இல்ல, கேட்டேளா" என்றார். அது ஆபீசர் அறையில், ஆபீசருக்கு எதிரே, பொதுஜனம் வந்தால் உட்காருவதற்காகப் போட்டிருந்தது.

பார்வையற்றோருக்கு உகந்தவை என்று அரசாங்கம் அடையாளம் கண்ட வேலைகளின் பட்டியலில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் உண்டு. ரயில்வேயில் அதற்குத் தனிப் பணியிடமே இருந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியல் போடுகிற கைக்கும் நாற்காலி வாங்குகிற கைக்கும் பழக்கம் இல்லை.

பழுது பார்க்க எங்களுக்கு வருடத்துக்கு ஒதுக்குகிற தொகை நாலைந்து நாற்காலிக்குக் காணும். அதற்குமேல் கேட்டால் விளக்கம் எழுத வேண்டும், ஆபீசர் இரண்டு தடவை நேரில் போக வேண்டும். புதிதாக வாங்கவோ பணம் தானாகவே வரும், நாங்கள் கேட்காத நாளில். அந்த நாள் பெரும்பாலும் மார்ச் 24, 25 வாக்கில் இருக்கும்.

அரசாங்க வேலையில் இல்லாதவர்களுக்கு மார்ச் மாதத்தைப் புரியவைப்பது கஷ்டம். ஏப்ரலில் தொடங்குகிற வருடத்தில் பதினொரு மாதம் சிக்கனம், சிக்கனம் என்று சுற்றறிக்கை வரும். பேனா ரீஃபில் கேட்டால் பழைய ரீஃபிலைக் காட்டச் சொல்வார்கள். பன்னிரண்டாவது மாதக் கடைசியில், எங்கோ ஒரு தலைப்பில் செலவாகாமல் கிடந்த பணம் பங்கு பிரிந்து கீழே இறங்கும். மார்ச் 31 இரவுக்குள் கருவூலத்தில் பில் போக வேண்டும். போகாவிட்டால் லாப்ஸ். திருப்பி ஒப்படைக்கலாம், 'சரண்டர்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஆனால் ஒப்படைத்தவனைப் பாராட்டி ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. 'தேவையில்லை என்றால் ஏன் கேட்டீர்கள்' என்று கேள்வி வரும், அடுத்த வருட ஒதுக்கீட்டில் அந்தத் தொகை குறையும். வருடக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்குக்கு விரோதம் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் 33 சதவீதத்துக்கு மேல் கூடாது, மார்ச்சில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று டெல்லிக்கு வரம்பும் கட்டியிருக்கிறார்கள். வரம்பு கட்ட வேண்டி வந்தது என்பதிலேயே மீதிக் கதை இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்கு உண்மையில் வேண்டியது என்ன? ரெக்கார்டு ரூமில் ஓடு மாற்ற வேண்டும். இடவப்பாதி மழைக்குப் பழைய கோப்புகள் ஊறி அப்பளம்போல் ஒட்டிக்கொள்ளும். பெண் ஊழியர்களின் கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே காவல் நிற்க வேண்டும். ஆனால் ஓடு என்பது கட்டிடம், கொண்டி என்பதும் கட்டிடம். கட்டிடம் என்றால் பொதுப்பணித் துறை, மதிப்பீடு, அடுத்த வருடம். வந்திருக்கிற பணமோ தளவாடத் தலைப்பில் வந்த பணம். எட்டணாத் தாழ்ப்பாளுக்கு அதில் வழியில்லை, இருபத்துநாலு நாற்காலிக்கு வழி இருந்தது.

டான்சிக்கு எழுதி வரவழைக்க நாள் போதாது. தமிழ்நாடு அரசே 1965-ல் ஏற்படுத்திய சிறுதொழில் கழகம் அது. தமிழ்நாட்டில் எந்த ஆபீசுக்குப் போனாலும் அதன் பீரோ ஒன்று சுவரோடு நிற்கும், மூடினால் ஊருக்கே கேட்கும். அந்த வழி இல்லையென்றால் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். ஒரு வருடம் மூன்றையும் ஒரே ஆள் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மூன்று லெட்டர்ஹெட், மூன்று நிற மை, மூன்று கையெழுத்து. மூன்றிலும் 'நாற்காளி' என்று ஒரே எழுத்துப் பிழை. நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். கோப்பை நிறுத்தவில்லை. "இதுல ரெண்டையாவது திருத்திக் கொண்டாரும் ஓய்" என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்த கடிதங்களில் ஒன்றில் 'நாற்காலி', ஒன்றில் 'இருக்கை'. முப்பத்தைந்து வருட சர்வீசில் நான் செய்து முடித்த நேர்த்தியான வேலைகளில் அதுவும் ஒன்று.

மார்ச் 31 இரவு கருவூலத்தில் திருவிழாக் கூட்டம். எல்லா ஆபீஸ் குமாஸ்தாக்களும் பில்லும் கையுமாக நிற்பார்கள். சுக்குக் காப்பிக்காரருக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் விடிய விடிய வியாபாரம். பில்லோடு 'மேற்படி பொருட்கள் நல்ல நிலையில் பெறப்பட்டு இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டன' என்று ஒரு சான்று வேண்டும். எழுதினேன். பதிவேட்டுப் பக்க எண்ணும் போட்டேன். நாற்காலிகள் வந்தது சித்திரை விஷு கழிந்த மறுநாள். அதுவரைக்கும் காகிதத்தில் இருபத்துநாலு நாற்காலி, தரையில் ஒன்றுகூட இல்லை.

வந்த பிறகு வேறு சங்கடம். எங்கள் ஆள்பலம் பதினேழு. அதில் நாலு இடம் காலி. இருபத்துநாலு புது நாற்காலி, பழசு பத்தொன்பது. எங்கே போட? பழசை வராந்தாவுக்குத் தள்ளினோம். வராந்தாவிலிருந்து சைக்கிள் கொட்டகைக்கு. கொட்டகைக்குக் கூரை முக்கால்தான்.

அடுத்த வருடம் பிரம்புக்காரர் வந்தார். அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. வாளியில் தண்ணீர் கேட்டார். பியூன் அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் பேரேட்டைப் பார்த்தேன். அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியை வழக்கம்போலத் தடவினார். இருக்கையின் அடியில் துளைகளைத் தேடி விரல் ஒரு சுற்று வந்தது. இரும்புக் குழாய், ஸ்பான்ச், ரெக்சின். "கொள்ளாம். மெத்தையாக்குமே" என்றார். டீ வாங்கிக் கொடுத்தோம். போகிற வழிச் செலவுக்கு என்று ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டுக் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. ரெக்சின் இரண்டாம் வருடமே வெடித்தது. ஸ்பான்ச்சை எலி பிய்த்துப் பஞ்சுபோல் ரெக்கார்டு ரூமெங்கும் இறைத்தது. அதைத் தைக்க ஊரில் ஆள் இல்லை.

சங்கு மேஜையின் கதை இன்னும் பத்து வருடம் ஓடியது. ஆபீசர் மாறும்போதெல்லாம் அறையில் ஒரு புதுமை நடக்கும். ஒருவருக்குக் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும், ஒருவருக்கு வடக்கு. நாற்காலிக்கு வெள்ளை டர்க்கி டவல் போடுகிற வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது; அதைத் துவைக்கிற கூலிக்கு மாதா மாதம் நான் பில் போட்டிருக்கிறேன். டவல் உள்ளது ஆபீசர், கை வைத்தது சூப்பிரண்டு, கை இல்லாதது நாங்கள். ஆளைப் பார்க்காமலேயே நாற்காலியைப் பார்த்துக் கும்பிடலாம். தொண்ணூறுகளில் வந்த ஒரு ஆபீசருக்கு ஈட்டி மேஜை கறுப்பாக, அமங்கலமாகப் பட்டது. மார்ச் பணத்தில் அரைவட்ட மேஜை ஒன்று வந்தது, மேலே கண்ணாடி. அறை வாசலில் நுழையவில்லை. வாசல் நிலையை எங்கள் பக்கம் கட்டளை என்போம். சர்க்கார் கட்டளைக்காக மரக் கட்டளையைப் பெயர்த்தார்கள். தேக்குக் கட்டளை, பெயர்த்ததைத் திரும்பப் பொருத்த வந்த ஆசாரி அரை நாள் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆபீசர் பதினோரு மாதத்தில் மாறுதலாகிப் போய்விட்டார்.

ஈட்டி மேஜை கொட்டகைக்குப் போயிற்று. உபயோகமற்றது என்று கழிவு செய்ய ஒரு குழு உண்டு. குழு வந்தது, ஐந்து நிமிடம் நின்றது. மேஜை ஒன்று, நாற்காலி பத்தொன்பது, ஸ்டூல் ஆறு, சைக்ளோஸ்டைல் மிஷின் ஒன்று, எல்லாம் ஒரே லாட்டு. ஏலம் எடுத்தது ஓர் ஆக்கர் கடைக்காரர், பழைய சாமான் வியாபாரி. விறகு எடை போட்டு விலை கேட்டார், விறகு விலைக்கே கொடுத்தோம். ஏற்றும்போது ஐந்தாவது ஆளாக நானும் ஒரு கை பிடித்தேன். லாரியில் ஏறின பிறகு கடைக்காரர் ஈரத் துணியால் மேல்பலகையை ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்புக்குள்ளிருந்து கருஞ்சிவப்பாக ரேகை எழும்பியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எல்லாம் இருந்தது. கோவளம் பக்கத்து விடுதிகளுக்குப் பழைய மரச்சாமான் என்றால் என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் குழு கையெழுத்துப் போட்டாயிற்று.

இதையெல்லாம் பெரிய ஊழல் என்று சொன்னால் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். பெரிய இடத்துக் கதைகள் பெரியவை. 2012-ல் டெல்லியில் திட்டக் கமிஷன் கட்டிடத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்க 35 லட்சம் ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்தது. அமெரிக்காவில் வீட்டுவசதித் துறை அமைச்சரின் அறைக்கு 31 ஆயிரம் டாலரில் சாப்பாட்டு மேஜை வாங்க ஆர்டர் போட்டு, 2018-ல் விஷயம் வெளியே வந்ததும் ரத்து செய்தார்கள். அமைச்சர் அறையை அலங்கரிக்க 5 ஆயிரம் டாலருக்கு மேல் போனால் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறதாம். எங்கள் மூன்று விலைப்புள்ளி மாதிரி. நம் சென்னையில் 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுத் தலைமைச் செயலகத்தைத் திறந்தபோது கோபுரம் கட்டி முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட்டு போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் ஆட்சி மாறியது, தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பியது, 2014-ல் அந்தக் கட்டிடம் ஆஸ்பத்திரி ஆயிற்று. நல்லவேளை, அதிலாவது ஜனங்கள் படுக்கிறார்கள். எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரை எந்தப் பாவி எழுதியிருப்பான்?

2020 மே மாதம் கொரோனாவுக்காகச் சிக்கன ஆணை வந்தபோது நான் ஓய்வு பெற்று நாலு வருடம். அலுவலகச் செலவைக் குறை, மேஜை நாற்காலி வாங்குவதைக் குறை என்று ஆணையில் இருந்தது. வாசித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடத்தில் ஆபீசர் நாற்காலிக்கு, சூப்பிரண்டு நாற்காலிக்கு, சந்திப்பு அறை சோபாவுக்கு எத்தனையோ பில் எழுதியிருக்கிறேன். வராந்தாவில் வந்து காத்து நிற்கிற சனங்கள் உட்கார ஒரு பெஞ்சுக்கு ஒரு பில்கூட எழுதியதில்லை. ஒரு பெஞ்சு இருந்தது. ஒரு கால் உடைந்து, செங்கல் முட்டுக் கொடுத்தது. முதியோர் பென்ஷனுக்கு வருகிற அம்மைமார் அதில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து சரிந்து, பிறகு தரையிலேயே சேலையை விரித்துக்கொள்வார்கள். பேரேட்டில் அந்தப் பெஞ்சுக்கு எண்கூடக் கிடையாது. எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பழைய ஆள் என்று ஒரு பிள்ளை அடையாளம் கண்டுகொண்டாள். "வராந்தாவுல நிக்காதிய சார், உள்ள வந்து இரிங்க" என்று ஒரு நாற்காலியை உருட்டி வந்தாள். சக்கரம் வைத்தது, முதுகு சாய்கிறது, விலை எப்படியும் எட்டாயிரம் இருக்கும். கடையிலிருந்து வந்த பாலிதீன் உறை அப்படியே இருந்தது, கிழிக்கவில்லை. சித்திரை வெயில், மின்விசிறி தலைக்கு எட்டாத இடத்தில். சட்டை முதுகோடும் முதுகு பாலிதீனோடும் ஒட்டிக்கொண்டது. அசைந்தால் சரசரவென்று சத்தம், நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"வாங்கி எவ்வளவு நாளாச்சு மக்களே?"

"ஒண்ணர வருஷம் இருக்கும் சார்."

"பின்னே, இந்த உறையைக் கிழிச்சுட்டா என்ன?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் ஆடிட் வரல்லியே சார். புதுசுன்னு காட்டாண்டாமா?"